வராதவரைக் கேட்பது யார்? உடற்பயிற்சிக் கூடங்களும் நாம் மறந்த ஒரு வேலையும்

வடக்கில் ஏதோ ஒரு சனசமூக நிலையத்தில் உடற்பயிற்சிக் கூடம் திறந்துவைக்கப்படும் செய்தி நமக்குப் பழகிப்போன ஒன்று. மங்கள விளக்கு ஏற்றப்படும், நாடா வெட்டப்படும், நிதி தந்த புலம்பெயர் உறவுகளின் பெயர் கல்லில் பொறிக்கப்படும். முதல் மாதம் கூட்டம் நிறையும். ஆறு மாதம் கழித்து அங்கே எத்தனை பேர் வருகிறார்கள், வராமல் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்ற செய்தி மட்டும் எங்கும் வருவதில்லை.

பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல், சண்டிலிப்பாய் என்று வலிகாமத்தின் எந்த ஊரை எடுத்தாலும் இன்று கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் கிடந்த உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. பண்டத்தரிப்பு அடங்கும் வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை உட்பட அந்தச் சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கிறார்கள். மைதானம், நடைபாதை, உடற்பயிற்சி உபகரணம் என்ற கோரிக்கைகள் சபைகளின் மேசைக்குப் போகும். உபகரணம் கிடைத்துவிடும். ஆனால், வராதவரைத் தேடிக் கேட்க ஓர் ஆளை நியமிக்க வேண்டும் என்று யாராவது கேட்பார்களா?

நடந்த தலைமுறைக்கு இப்போது அறுபது வயது

யுத்த காலத்தில் நமக்கு உடற்பயிற்சி என்று ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாமல் போன குடாநாட்டில் சைக்கிள்தான் வாகனம். நோயாளியை ஏற்றியதும் விறகு ஏற்றியதும் சைக்கிளில்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அன்று முப்பது வயதில், பிள்ளையைத் தோளில் சுமந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவருக்கு இன்று அறுபது வயதாகிவிட்டது. அந்த நடையையும் அந்தப் பட்டினியையும் யாரும் மீண்டும் விரும்ப மாட்டார்கள். ஆனால் யுத்தம் முடிந்தபின் கடைக்கும் கோவிலுக்கும் மோட்டார் சைக்கிளில் போகும் வாழ்க்கைக்கு நாம் மாறிய வேகத்துக்கு நமது உடம்பு ஈடுகொடுக்கவில்லை. 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது சைக்கிள்கள் தூசு தட்டி எடுக்கப்பட்டன. பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் பல திரும்பவும் பின்வளவுக்குப் போயின.

இன்று இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் எட்டுக்கும் மேற்பட்டவை தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன. வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் குருதி அழுத்தம் இருக்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவை எட்டாதவர்கள் உலகில் 31 சதவீதம் பேர் என்றும், தெற்காசியாவில் அது 45 சதவீதம் என்றும் 2024 ஜூனில் வெளியான அதன் கணிப்பு கூறியது. ஆண்களை விடப் பெண்களே இதில் அதிகம் பின்தங்கியிருக்கிறார்கள்.

இவற்றைக் கிளினிக்குக்குப் போகும் எல்லோரும் அறிவார்கள். “நடவுங்கோ, உடம்பைக் குறையுங்கோ” என்று வைத்தியர் சொல்லாத நாள் இல்லை. சொல்லியும் ஏன் நடப்பதில்லை என்பதற்குச் சோம்பல் என்ற ஒரே பதிலைத்தான் நாம் வைத்திருக்கிறோம். அந்தப் பதில் போதாது.

நியூசிலாந்தும் சென்னையும் சொல்வது

நியூசிலாந்தில் 1990களின் பிற்பகுதியிலிருந்து ‘பச்சைத் துண்டு’ என்று சொல்லக்கூடிய ஒரு முறை நடைமுறையில் உள்ளது. வைத்தியர் மருந்துத் துண்டு எழுதுவதுபோல உடற்பயிற்சியையும் எழுதிக் கொடுப்பார். விடயம் அதோடு முடிவதில்லை. அந்தத் துண்டின் பிரதி உள்ளூர் விளையாட்டு அமைப்புக்குப் போகும். அங்கிருந்து ஒருவர் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார்.

இது பயன் தருகிறதா என்று 40 முதல் 79 வயது வரையான, உடலுழைப்புக் குறைந்த 878 பேரிடம் ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் குறைந்தது மூன்று அழைப்புகள், ஒவ்வொன்றும் பத்து முதல் இருபது நிமிடம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இந்தத் துண்டைப் பெற்றவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கூடுதலானோர் வாரத்துக்கு 150 நிமிட அளவை எட்டியிருந்தார்கள். குருதி அழுத்தத்தில் இரு தரப்புக்கும் இடையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பத்தில் ஒருவர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஒரு துண்டுக் கடதாசிக்கும் சில தொலைபேசி அழைப்புகளுக்கும் கிடைத்த பயன் அது. ஓர் ஊரில் இருநூறு பேருக்கு இதைச் செய்தால் இருபது பேரின் வாழ்க்கை மாறும்.

நமக்கு நெருக்கமான இன்னொரு உதாரணம் சென்னையில் உள்ளது. அங்குள்ள நீரிழிவு ஆய்வாளர் அம்பாடி இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையில் இருந்த 537 ஆண் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்குக் கைத்தொலைபேசியில் வாரத்துக்கு இரண்டு முதல் நான்கு குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் செய்தி கிடைத்தவர்களில் 18 சதவீதத்தினருக்கும் கிடைக்காதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் அந்த ஆய்வில் மாற்றம் தெரிந்தது சாப்பாட்டில். உடற்பயிற்சியில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு மனிதரிடம் நடந்தவை. நேரடியாக ஒப்பிட முடியாது. என்றாலும் நமது ஊர் அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். சோற்றைக் குறைக்கச் சொல்ல ஒரு குறுஞ்செய்தி போதுமாக இருக்கலாம். ஆளை வீட்டிலிருந்து எழுப்பி வெளியே கொண்டுவர ஒரு மனிதக் குரல் வேண்டும். வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு வரும் உடற்பயிற்சிக் காணொளியைப் பார்த்து நடக்கத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த மண்ணுக்குப் புதிதல்ல

தேடிப்போய்க் கேட்பது நமக்குத் தெரியாத வேலையல்ல. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் வந்து வைத்தியம் செய்த இடம் இதே பண்டத்தரிப்பு. ஆசியாவில் மேலைத்தேய மருத்துவ மிஷன் பணி வேரூன்றிய இடங்களுள் முதன்மையானதாக இந்தச் சிறிய ஊர் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டபின், வைத்தியசாலை வீட்டைத் தேடிப் போகும் முறை இலங்கை முழுவதும் பரவியது. நமது ஒழுங்கைகளில் இன்றும் வரும் குடும்பநல உத்தியோகத்தர் அந்த முறையின் தொடர்ச்சி.

கர்ப்பிணி ஒருவர் கிளினிக்குக்கு ஒருமுறை வராவிட்டால் அவர் வீட்டுக்கு வருவார். பிள்ளைக்கு ஊசி தவறினால் கேட்பார். அவர் கையில் ஒரு பதிவேடு இருக்கும், வாயில் ஏச்சும் இருக்கும், அன்பும் இருக்கும். தாய் மரணமும் சிசு மரணமும் இந்த நாட்டில் குறைந்ததற்கு அந்தக் கால்நடைக்கும் சைக்கிளுக்கும் பெரிய பங்குண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் செய்ததை, நாற்பது வயது தாண்டியவருக்கு நாம் செய்யவில்லை. 2011 முதல் சுகாதார அமைச்சு நடத்தும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் சீனியும் பிரஷரும் பார்க்கிறார்கள், ஆலோசனை சொல்கிறார்கள். அங்கே ஆண்கள் வருவது குறைவு என்பது நீண்டகாலக் குறை. வந்தவர் வீட்டுக்குப் போனபின் நடந்தாரா இல்லையா என்று கேட்பது அதைவிடக் கடினமான வேலை. இதையும் குடும்பநல உத்தியோகத்தரின் தலையில் ஏற்றிவிட முடியாது. அவர்களின் சுமை ஏற்கனவே அதிகம்.

தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, பிரஷர் மருந்துகள் வீடு தேடிப் போகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் போகிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர நமக்கு நிதியும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் அதன் பெயரிலுள்ள ‘தேடி’ என்ற சொல்லைக் கடன் வாங்கலாம்.

பின்தொடர்தல் என்ற சொல்லின் பாரம்

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அது நியூசிலாந்துக்கும் சென்னைக்கும் இல்லாதது. நமது மக்களுக்குப் ‘பின்தொடர்தல்’ என்பது ஆறுதல் தரும் சொல்லல்ல. பெயர், தொலைபேசி இலக்கம், வீட்டில் எத்தனை பேர், எங்கே போனீர்கள், ஏன் வரவில்லை என்ற கேள்விகளை வேறு ஆட்களிடமிருந்து வேறு தொனியில் கேட்டுப் பழகியவர்கள் நாம். 2011இல் யாழ்ப்பாணத்தில் படையினர் குடும்ப விவரங்களைப் பதிந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் இன்றும் பதில் சொல்லாத தாய்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் “நீங்கள் மூன்று நாளாக வரவில்லை, ஏன்?” என்று கேட்டால் அடுத்த நாள் முழுதாகவே நின்றுவிடுவார்கள்.

எனவே யார் கேட்கிறார் என்பதுதான் இங்கே முதல் விடயம். ஊரில் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். பெண்களைப் பெண் ஒருவரே அழைக்க வேண்டும். அழைக்கலாமா, எந்த நேரம் வசதி என்பதை முதல் நாளே கேட்டு, சம்மதித்தவரை மட்டுமே அழைக்க வேண்டும். கொப்பியில் பெயரும் இலக்கமும் வந்த நாளும் போதும். குடும்ப விவரமும் அடையாள அட்டை இலக்கமும் எதற்கு? அந்தக் கொப்பி எந்த அலுவலகத்துக்கும் கைமாறக் கூடாது.

காயம் சுமந்த உடல்களுக்கு

யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்கு இந்த விசாரிப்பு இன்னும் அவசியம். யாழ். ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் செயற்கைக் கால் செய்து கொடுத்து வருகிறது. கால் கிடைப்பது தொடக்கம்தான். உடம்பு பருத்தால் செயற்கைக் காலின் கிண்ணம் இறுகும், தோல் புண்படும். புண்பட்டால் காலைக் கழற்றி வைப்பார்; கழற்றி வைத்தால் அசைவு குறையும்; அசைவு குறைந்தால் உடம்பு மேலும் பருக்கும். இந்த வட்டத்தின் தொடக்கத்திலேயே யாராவது “ஏன் இந்தக் கிழமை வரவில்லை?” என்று கேட்டால், கிண்ணத்தைச் சரிசெய்ய அனுப்பி வைக்க முடியும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ஆள் கட்டிலோடு.

உடலுக்குள் எறிகணைச் சன்னத்தோடு வாழ்பவர், முள்ளந்தண்டில் அடிபட்டவர், இரவில் நித்திரை இல்லாதவர் எல்லோருக்கும் வராமல் நிற்பதற்குச் சொந்தக் காரணம் இருக்கும். அதைச் சோம்பல் என்று எண்ணிக் கேலி செய்தால் இழப்பது அவரை மட்டுமல்ல, அவரைப் பார்த்து வரவிருந்தவரையும்தான். இவர்களுக்கு என்ன பயிற்சி பொருந்தும் என்பதை வைத்தியரோ இயன்முறை மருத்துவரோதான் சொல்ல வேண்டும். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், நீரிழிவுக்காரரின் காலில் புண், இன்சுலின் போடுபவருக்கு மயக்கம் என்று கேள்விப்பட்டால் அழைப்பவர் செய்ய வேண்டியது உற்சாகப்படுத்துவதல்ல; வைத்தியசாலைக்கு அனுப்புவது.

செலவு எவ்வளவு?

கணக்கு எளிது. அறுபது பேருக்கு மாதம் ஒரு தடவை பத்து நிமிட அழைப்பு என்றால் பத்து மணித்தியாலம். அவ்வளவுதான். ஒரு விளையாட்டுக் கழகமோ மாதர் சங்கமோ ஒருவருக்குச் சிறு கொடுப்பனவு கொடுத்துச் செய்யக்கூடிய வேலை இது. ஓர் ஓட்ட இயந்திரத்தின் விலையில் இதைப் பல மாதங்கள் நடத்தலாம். இயந்திரம் பழுதானால் மூலையில் கிடக்கும். பழகிய மனிதர் அடுத்த ஆண்டும் அழைப்பார்.

அழைப்பில் கேட்க வேண்டியவையும் சிலவே. சுகமா, என்ன தடை, அடுத்த கிழமை எத்தனை நாள் முடியும்? புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நடுகைக் காலம் என்றால் தோட்டத்தில் நிற்பவருக்கு அந்த உழைப்பே போதும். அவரை அந்தக் காலம் கழியவிட்டு அழைக்கலாம். விடியற்காலையில் நாயும் மோட்டார் சைக்கிளும் பயம் என்று ஒரு பெண் சொன்னால், நாலு பேர் சேர்ந்து கோவில் வீதியைச் சுற்றலாம் என்று ஒழுங்கு செய்யலாம். பலர் அதையே சொன்னால், அது பிரதேச சபைக்குப் போக வேண்டிய கோரிக்கை: அந்த வீதிக்கு ஒரு மின்விளக்கு. ஆக, விசாரிப்பவரின் கொப்பி ஒரு தனிமனிதரின் ஒழுக்கக் கணக்கல்ல. ஊரில் என்ன குறை என்று சொல்லும் கணக்கும் அதுதான்.

புலம்பெயர் உறவுகள் அடுத்த முறை உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு நிதி அனுப்பும்போது ஒரு நிபந்தனை போடலாம்: அந்தத் தொகையில் ஒரு பங்கு முதல் இரண்டு ஆண்டுகள் விசாரிக்கும் ஆளுக்கு. பிரதேச சபை உறுப்பினர்கள் உபகரணம் கேட்டு வருபவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: வராதவரை யார் கேட்பார்? அதற்குப் பதில் ஒரு பெயராக இருந்தால் மட்டும் பணத்தை ஒதுக்கலாம்.

இத்தனை இழப்புகளுக்குப் பின்னும் எஞ்சியிருக்கும் மனிதர்களைச் சீனியிடமும் பிரஷரிடமும் மெல்ல மெல்லப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களில் பலர் ஒருமுறையாவது நடக்கத் தொடங்கியவர்கள்தான். நின்றபோது யாரும் கேட்கவில்லை.