இறுகாத ஜாமும் ஓர் அறிவியல் அறிக்கைதான்

கடந்த ஆண்டு பள்ளி விடுமுறைக்கு முன்பு என் நான்காம் படிவ மாணவர்களுக்கு வழக்கத்திற்கு மாறான ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். "வீட்டில் ஸ்ட்ராபெர்ரி ஜாம் செய்து பாருங்கள். என்ன நடந்ததோ அதை அறிக்கையாக எழுதி வாருங்கள்" என்றேன். விடுமுறை முடிந்ததும் இருபத்து மூன்று அறிக்கைகள் என் மேசைக்கு வந்தன. இருபத்திரண்டில் ஒரே முடிவு: "ஜாம் நன்றாக இறுகியது. கருதுகோள் ஏற்றுக்கொள்ளப்படுகிறது." ஒன்றில் மட்டும் பென்சிலால் இப்படி எழுதியிருந்தது: "டீச்சர், என் ஜாம் தண்ணீர் மாதிரி இருக்கிறது. என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. மன்னிக்கவும்."

அந்த ஓர் அறிக்கைக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுத்தேன். வகுப்பில் உடனே சலசலப்பு. "ஜாமே வரல, அவளுக்கு மட்டும் எப்படி டீச்சர் அதிக மார்க்கு?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். நான் திருப்பிக் கேட்டேன்: "உங்கள் ஜாமை எந்த வெப்பநிலையில் இறக்கினீர்கள்? எத்தனை நிமிடம் கொதித்தது?" பதில் இல்லை. சிலர் வீட்டில் அன்று அடுப்பே எரியவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'சரியான விடை' வந்தால்தான் மதிப்பெண் என்று பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தானே? ஆய்வகத்தில் எண் சரியாக வராவிட்டால், பக்கத்துக் குழுவின் எண்ணைப் பார்த்து எழுதுவதை நாங்களும் கண்டும் காணாமல் இருந்திருக்கிறோம். இந்தப் பழக்கத்தை உடைக்க ஒரு சட்டி ஜாம் போதும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

என் முதல் ஜாம்

நானும் தோற்றவள்தான். சில ஆண்டுகளுக்கு முன் கேமரன் மலைக்குப் போனபோது, ஒரு பை நிறைய ஸ்ட்ராபெர்ரி வாங்கி வந்தேன். அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது. அதனால் குறிப்பில் சொன்ன சீனியில் பாதியை மட்டும் போட்டேன். 'குறைந்த சீனி, நல்ல உடல்நலம்' என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக் கொண்டேன். ஜாம் இறுகவே இல்லை. ரொட்டியில் தடவினால் விரல் வழியாக வழிந்தது. போகட்டும் என்று புட்டியில் ஊற்றிச் சமையலறை மேசையில் வைத்தேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மூடியைத் திறந்தால் மேலே பச்சையாகப் பூஞ்சணம்.

நான் செய்த தவறு, சீனி இனிப்புக்கு மட்டும்தான் என்று நினைத்தது. ஜாமில் சீனிக்கு மூன்று வேலைகள் உண்டு. சுவை தருவது ஒன்று. ஜாமை இறுக வைப்பது இரண்டாவது. கெடாமல் காப்பது மூன்றாவது. பாதியைக் குறைத்தபோது பின்னிரண்டையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன்.

சட்டிக்குள் என்ன நடக்கிறது?

பழத்தின் செல் சுவர்களில் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. 1825-இல் ஹென்றி பிராகோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். பெக்டின் ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறு. பழம் வேகும்போது இந்தச் சங்கிலிகள் நீரில் வெளிவருகின்றன. ஆனால் அவற்றில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன.

இங்கேதான் எலுமிச்சைச் சாறு வருகிறது. அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கின்றன. பிஎச் மதிப்பு 3-ஐ ஒட்டி இருக்கும்போது சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கத் தயாராகின்றன. அப்போதும் அவற்றைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சீனி அந்த நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இப்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு வலையாகின்றன. மீதி நீரும் சீனியும் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கின்றன. நாம் கரண்டியால் அள்ளுவது அந்த வலையைத்தான். பெக்டின், அமிலம், சீனி ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் வலை சரியாக உருவாகாது.

கெடாமல் இருப்பதற்குக் காரணம் நீங்கள் படித்த சவ்வூடு பரவல். நல்ல ஜாமில் ஏறக்குறைய 65 விழுக்காடு சீனி. அவ்வளவு அடர்ந்த கரைசலில் ஒரு பாக்டீரியா விழுந்தால், அதன் செல்லிலிருந்து நீர் வெளியேறிவிடும். வளர நீர் கிடைக்காது. என் ஜாமில் பூஞ்சணத்திற்கு வேண்டிய நீர் தாராளமாக இருந்தது.

செய்து பாருங்கள்

500 கிராம் ஸ்ட்ராபெர்ரி, 400 கிராம் சீனி, 30 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறு போதும். லீமாவ் கஸ்தூரிச் சாறும் சரிதான். கேமரன் மலைப் பழம் கிடைக்காவிட்டால் பேரங்காடியில் உறைய வைத்து விற்கும் பழத்தையும் பயன்படுத்தலாம். ஸ்ட்ராபெர்ரியில் பெக்டின் குறைவு. நன்றாகப் பழுத்துவிட்டால் இன்னும் குறையும். ஆகவே கால் பங்கு பழம் சற்றே காயாக இருக்கட்டும்.

பழத்தைக் கழுவி, காம்பை நீக்கி, நறுக்குங்கள். அகலமான, உயரமான எவர்சில்வர் சட்டியில் போடுங்கள். பழ அமிலம் அலுமினியத்தோடு வினைபுரியும் என்பதால் அலுமினியச் சட்டி வேண்டாம். எலுமிச்சைச் சாறு சேர்த்து, பழம் மெத்தென்று ஆகும்வரை சிறு தீயில் வேகவிடுங்கள். பிறகு சீனியைப் போட்டு, முழுவதும் கரைந்த பின் தீயைக் கூட்டுங்கள். நுரை பொங்கி மேலே வரும். அதற்காகத்தான் உயரமான சட்டி.

எப்போது இறக்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மூன்று வழிகள் உண்டு. முதலாவது வெப்பநிலை. நீர் ஆவியாக ஆகச் சீனியின் அடர்த்தி கூடும், கொதிநிலையும் ஏறும். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் 104 அல்லது 105 பாகை செல்சியசை எட்டினால் ஜாம் தயார். சமையலுக்கென விற்கும் வெப்பமானியைப் பயன்படுத்துங்கள்; பள்ளி ஆய்வகத்து வெப்பமானி உணவுக்கு ஆகாது. இரண்டாவது எடை. தொடக்கத்தில் எல்லாம் சேர்த்து 930 கிராம். சீனி 400 கிராம், பழத்தில் கரைந்துள்ள பொருள்கள் சுமார் 40 கிராம், ஆக 440. இது மொத்த எடையில் 65 விழுக்காடாக இருக்க, மொத்தம் ஏறக்குறைய 680 கிராமுக்கு இறங்க வேண்டும். அதாவது 250 கிராம் நீர் ஆவியாக வேண்டும். மூன்றாவது பாட்டிமார் வழி. ஐஸ் கட்டி வைக்கும் பகுதியில் ஒரு தட்டைக் குளிரவைத்து, அதில் ஒரு சொட்டு ஜாமை விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேற்பரப்பு சுருங்கினால் இறக்கலாம். சோதிக்கும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். அளவு மீறிக் கொதித்தால் பெக்டின் சங்கிலிகளே உடைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் ஜாம் கொதிநீரைவிடச் சூடானது. தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள். கண்ணாடிப் புட்டியைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்து எடுத்து, அது சூடாக இருக்கும்போதே ஜாமை ஊற்றுங்கள். குளிர்ந்த புட்டியில் ஊற்றினால் வெடிக்கக்கூடும்.

105 என்ற எண்ணை நம்பலாமா?

இந்த எண்ணையும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். கேமரன் மலையில் உங்கள் அத்தை வீடு இருக்கிறது, அங்கே ஜாம் காய்ச்சுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீரே ஏறக்குறைய 95 பாகையில் கொதித்துவிடும். ஆகவே ஜாமும் 100 பாகையை ஒட்டியே தயாராகிவிடும். புத்தகத்தில் இருக்கிறதே என்று 105 வரை காத்திருந்தால் கரண்டி இறங்காத மிட்டாய்தான் மிஞ்சும். கிள்ளானில் சரியாக இருக்கும் எண் தானா ராத்தாவில் தவறாகிவிடுகிறது. முதலில் உங்கள் ஊரில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று அளந்து, அதற்கு மேல் 4 அல்லது 5 பாகையைக் கணக்கில் கொள்ளுங்கள். அளந்து பார்த்தவருக்கு மட்டுமே இந்த வேறுபாடு தெரியவரும். பார்த்து எழுதியவருக்கு எந்த ஊரிலும் 105-தான்.

"தேர்வுக்குப் படிக்கவே நேரமில்லை, இதில் ஜாம் வேறா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் அமிலம், கொதிநிலை, அடர்த்தி, சவ்வூடு பரவல், பலபடி மூலக்கூறு என்று ஐந்து பாடங்களைக் கையால் தொட்டுப் பார்க்கும் பயிற்சி வேறு எது? தமிழ்ப்பள்ளியில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று எழுதி எழுதிப் பழகினோமே, அவற்றை இங்கே பயன்படுத்துங்கள். மூன்று சிறு சட்டிகளில் சீனியின் அளவை மட்டும் மாற்றுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும். "கடையில் வாங்கினால் மலிவு" என்பதும் உண்மை. ஆனால் கடைப் புட்டியில் உங்கள் தவறு இருக்காது. சமையலறை பெண்பிள்ளைகளின் இடம் என்று சிரிக்கும் பையன்களுக்கு ஒரு சொல்: பெக்டினுக்கு ஆண், பெண் தெரியாது.

வீட்டில் செய்ததால் ஜாம் உடலுக்கு நல்லதாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு சீனி உள்ள உணவு அது. ரொட்டியில் ஒரு தேக்கரண்டி போதும். சீனியைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், கொஞ்சமாகச் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில நாள்களில் முடித்துவிடுங்கள். இப்போது அம்மாவுக்கு அப்படித்தான் செய்கிறேன். பூஞ்சணம் தெரிந்தால் மேலே மட்டும் வழித்தெடுக்காமல் முழுவதையும் வீசிவிடுங்கள்.

பென்சிலால் எழுதிய அந்த மாணவியோடு அமர்ந்து அவள் செய்முறையை ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். எலுமிச்சை வீட்டில் இல்லை, சாறு சேர்க்கவில்லை. பழமும் மிகவும் கனிந்திருந்தது. இரண்டு காரணங்களையும் அவளே கண்டுபிடித்தாள். மறு வாரம் மீண்டும் செய்தாள். ஒரு சிறு புட்டி எனக்கும் வந்தது. கொஞ்சம் கூடுதலாகவே இறுகியிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள், இந்த முறை பேனாவால். 'மன்னிக்கவும்' என்ற சொல் அதில் இல்லை.

வரும் விடுமுறையில் நீங்களும் ஒரு சட்டி வையுங்கள். இறுகினால் இறுகியது என்று எழுதுங்கள். இறுகாவிட்டால் இறுகவில்லை என்று எழுதி, கீழே ஒரு வரி இடம் விடுங்கள். 'ஏன்?' என்ற கேள்விக்கு அந்த இடம் தேவைப்படும்.