பொலிஸ் முற்றத்து வாகனங்களும் ஏலமும்

பலாபத்வலையில் மிளகும் காய்கறியும் விளைவிக்கும் விவசாயி ஒருவர் அண்மையில் எம்மைக் காண வந்தார். கையில் ஒரு பற்றுச்சீட்டு. வீட்டு முற்றத்தில் பாதையில் இறக்க முடியாத ஒரு சிறு லொறி. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றப் பிறர் லொறிக்குக் கூலி கொடுத்து அலுத்தவர், மிளகு விற்ற பணத்தைக் கொண்டுபோய் ஒரு நீதிமன்ற வளாகத்தில் நடந்த ஏலத்தில் அதை எடுத்திருக்கிறார். என்ஜினைத் திருத்தலாம். பதிவு செய்ய முடியாது! பதிவின்றி, உதிரிப்பாகங்களுக்காகவே அது விற்கப்படுகிறதென ஏல அறிவித்தலில் ஒரு வரி இருந்தது. அது சிங்களத்தில் இருந்தது. நண்பருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

இவரை ஏமாளி என்று சொல்லிவிடுதல் எளிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வாகனத்தின் விலை ஏழை விவசாயிக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அத்தகையவன் ஏலத்தை நாடாமல் வேறெதை நாடுவான்? மேலும், தரகனிடம் வாங்கும்போது எழும் ஐயம் நீதிமன்ற முற்றத்தில் எழுவதில்லை. அரசு விற்கும் பொருளில் வில்லங்கம் இராது என்றே மக்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு அரசு செய்யும் கைம்மாறு என்ன?

சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவின்படி, களவுப் பொருளென்றோ குற்றத்தோடு தொடர்புடையதென்றோ ஐயுற்றுப் பொலிஸார் கைப்பற்றும் பொருளை உடனடியாக நீதவானுக்கு அறிவித்தல் வேண்டும். உரியவர் தெரியாவிடின், நீதிமன்ற அறிவித்தற் பலகையிலும் வேறு இரண்டு பொது இடங்களிலும் அறிவித்தல் ஒட்டி, ஆறு மாதத்துள் உரிமை கோருமாறு அழைத்தல் வேண்டும். எவரும் வாராவிடினே அது அரசின் உடைமையாகி விற்பனைக்கு வரும். ஆறு மாதம் என்கிறது சட்டம்! ஏ-9 வீதியால் போவோர் பொலிஸ் நிலைய வளவுகளைச் சற்று எட்டிப் பார்க்கட்டும். கொடி படர்ந்து, தளம் உக்கி, சில்லு மண்ணில் புதைந்து கிடப்பவை ஆறு மாதத்துப் பொருள்களா?

சட்டவிரோத மரம் ஏற்றியதற்காக வனக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பறிமுதலாகும் லொறிகள் வேறு. சாரதி செய்த குற்றத்துக்காக, உரிமையாளனைக் கேளாமலே அவனது லொறியைப் பறித்தல் ஆகாதென மனவடு வழக்கில் 1987இல் பிரதம நீதியரசர் சர்வானந்தாவின் தீர்ப்பு கூறிற்று. இழப்பவனையும் கேட்டல் வேண்டும் என்ற அந்த நியாயம், வாங்குபவனுக்கும் சொல்லுதல் வேண்டும் என்பதுவரை நீளலாகாதா?

ஏல அறிவித்தல்களின் வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சிலேயே வருகிறது. பதிவாளரின் அனுமதியுடன் ஏலத்துக்கு அரை மணி நேரம் முன்னர் பார்வையிடலாம்; பணம் ரொக்கமாகவே கட்டல் வேண்டும், காசோலை ஏற்கப்படாது; எடுத்த பொருளை உடனே அகற்றல் வேண்டும். ஒரு மாட்டை வாங்குபவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்க இதனினும் கூடுதலான நேரம் எடுத்துக்கொள்கிறான். வாங்குபவன் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பது பழைய விதி, மறுக்கவில்லை. விழித்திருப்பவனுக்கு விளக்கைக் காட்டாதது எந்த விதி?

மாத்தளையில் நீதிமன்ற மொழி சிங்களம் என்று சிலர் விடை கூறுவர். அரசமைப்பின் 24ஆவது உறுப்புரை கூறுவது வழக்கின் பதிவேட்டையும் நடவடிக்கைகளையும் பற்றியது. எழுத்துச் சட்டத்தின்கீழ் வெளியிடப்படும் அறிவித்தல்கள் சிங்களத்திலும் தமிழிலும், ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவரல் வேண்டுமென்பது 23ஆவது உறுப்புரை. பலகையில் ஒட்டும் ஏல அறிவித்தல் பொதுமக்களுக்கு உரியது. அது பின்னதையே சாரும் என்பது எமது துணிபு. 1987இலேயே தமிழும் அரசகரும மொழியாயிற்று. எழுத்தில் வந்த உரிமை அறிவித்தற் பலகைவரை வந்துசேர இன்னும் எத்தனை ஆண்டு?

நாம் கேட்பது பெரிதன்று. அறிவித்தல் தமிழிலும் வரல் வேண்டும். பார்வையிட ஒரு முழு நாளேனும் வேண்டும். ஒவ்வொரு வாகனத்துக்கும் நேரே, செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டோடு ஒத்துள்ளனவா, வாங்குபவர் பெயருக்குப் பதிவு மாற்றப்படுமா என்பதை எழுதுதல் வேண்டும். இக்கடைசி வரி ஒன்றே எமது நண்பரின் மிளகுப் பணத்தைக் காத்திருக்கும்.

அதுவரையில் ஏலத்துக்குப் போவோர் நம்பிக்கையான கராஜ் பாஸ் ஒருவரை உடன் அழைத்துச் செல்க. இலக்கங்களைத் தாமே குறித்துக்கொள்க. சுரண்டியோ அராவியோ இருப்பின் திரும்பி வருக. வழக்கு இலக்கத்தைக் கேட்டறிந்து, நீதவானின் விற்பனைக் கட்டளையில் பதிவைப் பற்றி என்ன இருக்கிறதென ஒரு சட்டத்தரணி வாயிலாகப் பார்த்த பின்னரே விலை கேட்க. தமிழில் அறிவித்தல் காணாவிடின், அதன் படமொன்றைத் திகதியும் இடமும் குறித்து எமக்கு அனுப்புக. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குரிய முறைப்பாட்டை நாமே எழுதித் தருவோம்.