வலிக்காத இதயமும் தளர்ந்திருக்கலாம்

நெஞ்சு வலித்தால்தான் இதய நோய் என்று பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 100,000 முறை துடிக்கிறது. உயர் ரத்த அழுத்தம் இருந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் அது கூடுதல் விசையுடன் ரத்தத்தைத் தள்ளவேண்டும். எடை தூக்குபவரின் கைத்தசை போல, இதயத்தின் இடது கீழறைச் சுவரும் தடிக்கிறது. கைக்கு அது பலம், இதயத்துக்கோ பலவீனம். விறைத்த சுவர் சரியாகத் தளராததால், கீழறை ரத்தத்தால் எளிதில் நிரம்புவதில்லை. நீரிழிவும் உடற்பருமனும் இந்த விறைப்பைக் கூட்டுகின்றன.

இந்த நிலையிலும் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். இதயச் செயலிழப்பை மருத்துவர்கள் 4 கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் மூன்றாம் கட்டத்தில்தான். இதயம் மாறத் தொடங்குவது இரண்டாம் கட்டத்திலேயே.

சிங்கப்பூரில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் உள்ளது. 2023ல் தொடங்கிய ‘ஹெல்த்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் 40 வயதைக் கடந்தோர் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுக்கலாம். உட்லண்ட்ஸ்வாசிகளுக்குப் பலதுறை மருந்தகமும், 2024ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் ஹெல்த் வளாகமும் அருகிலேயே இருக்கின்றன.

ஆனால், வழக்கமான பரிசோதனை அளப்பது ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை. இதயத்தின்மீதுள்ள சுமையை அவை சொல்லும். அச்சுமையை இதயம் எப்படித் தாங்குகிறது என்பதைச் சொல்லா. அதற்கு வேறு சோதனைகள் உண்டு. இதயச் சுவர் இழுபடும்போது ரத்தத்தில் கூடும் ‘என்டி-புரோபிஎன்பி’ என்னும் பொருளை அளக்கலாம். ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தைப் படம்பிடிக்கும் ‘எக்கோ’ சோதனையும் செய்யலாம்.

எல்லாருக்கும் எக்கோ தேவையில்லை. தேவையற்ற சோதனை வீண் அச்சம் தரும்; உண்மையில் தேவைப்படுவோரின் காத்திருப்பையும் நீட்டும். ஆனால், பல ஆண்டுகளாக ரத்த அழுத்தமும் நீரிழிவும் சேர்ந்திருப்பவர், “என் இதயத்தின் செயல்பாட்டையும் பார்க்க வேண்டுமா?” என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமே. முன்கூட்டியே தெரிந்தால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியும் மருந்துகளை மாற்றியும் பாதிப்பைத் தள்ளிப்போட முடியும்.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. முன்பு மேம்பாலப் படிகளில் தயங்காமல் ஏறிய தாத்தா இப்போது பாதியில் நிற்கிறாரா? சந்தைக்கு நடந்தே சென்ற பாட்டி பேருந்துக்குக் காத்திருக்கிறாரா? “வயதாகிவிட்டது” என்று அவர்கள் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவைச் சொல்லவேண்டியவர் மருத்துவர். அடுத்த சந்திப்புக்கு அவர்களுடன் நீங்களும் சென்று, பார்த்ததைச் சொல்லுங்கள்.