நினைவஞ்சலியில் தாத்தாவைக் காணோம்

நம் சங்க இதழ் நினைவஞ்சலிகளில் மகன் இன்ஜினியர், மருமகன் அமெரிக்கா என்றெல்லாம் இருக்கும். மறைந்தவர் என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் இராது.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, தாராவி தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவர். சுண்ணாம்பில் ஊறினால்தான் தோலிலுள்ள மயிர் கழலும். கூடவே அவர் கால்விரல்களும் வெந்தன. 1971-இல் பாந்திரா கசாப்புக்கூடம் தேவனாருக்கு மாறிய பின்னும் அவருக்கு அதே தொட்டிதான். அவர் அனுப்பிய மணியார்டரில்தான் ஊரில் அத்தைமார் கல்யாணம் நடந்தது.

"தோல் ஷாப்பு என்று போடாதே, பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம்" என்கிறார் சித்தப்பா. வரன் வீட்டுத் தாத்தா என்ன, கலெக்டராகவா தாராவிக்கு வந்தார்?

முதலாண்டு நினைவஞ்சலியில் அந்த வரியைச் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஆசிரியர் அதை வெட்டாமல் வெளியிட வேண்டுகிறேன். அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவரின் வேலையையும் எழுதி அனுப்புங்கள்.