முதல் மோட்டார் சைக்கிள்: அழகும் அளவும்

வன்னியில் இன்று ஒரு பிள்ளை பதினெட்டு வயதை எட்டியதும் வீட்டில் எழுகின்ற முதற் பேச்சு பெரும்பாலும் மோட்டார் சைக்கிளைப் பற்றியதே. எந்த மொடல், என்ன நிறம், எத்தனை சீசீ, எங்கே லீசிங் என்று அப்பேச்சு நீண்டு செல்கிறது. கிணறு திருத்துவதும் கூரை மாற்றுவதும் அதற்குப் பின்னரே வருகின்றன. இதைக் கண்டு, "படங் காட்டத்தான் இவங்களுக்கு மோட்டார் சைக்கிள்" என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்கள் பலர். அவர்களின் கவலையை நாம் மதிக்கின்றோம். எனினும் அந்தத் தீர்ப்பை ஏற்க எம்மால் முடியவில்லை.

அழகான ஒரு பொருளை விரும்புவது குற்றமாகாது. நாம் வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். 1990 இலிருந்து 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குப் பெற்றோல் வர அனுமதிக்கப்படவில்லை. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எம்.டி. 90 உம் சாலியும் புகை கக்கியபடி எமது ஒழுங்கைகளில் ஓடின. அதற்கும் வழியில்லாதோர் நோயாளியையும் நெல் மூட்டையையும் விறகையும் சைக்கிளிலேயே ஏற்றி மிதித்தார்கள். 2009 இல் முள்ளிவாய்க்கால் பகுதியில் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் கைவிடப்பட்டுக் குவிந்து கிடந்தன. அவற்றை விட்டு வந்தவர்கள் நாமே. மெனிக் பாம் முகாம் 2012 இல் மூடப்படும் வரை அங்கே கூடாரத்துள் வளர்ந்த குழந்தைகளும், மீள்குடியேறிய பின்னர் தகரக் கொட்டிலில் பிறந்த குழந்தைகளுமே இன்றைய இளையோர். எல்லாவற்றையும் இழந்த வீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளை தனக்கெனப் பளபளப்பான ஒன்றைக் கேட்கிறது. அதைக் கேலி செய்ய எமக்கு உரிமையில்லை.

ஆகவே, அழகு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல எமது கேள்வி. அந்த அழகு ஓட்டுபவரின் உடலுக்கும், ஓடும் வீதிக்கும், வீட்டின் வருமானத்துக்கும் அளவானதா என்பதே கேள்வி. இந்த மூன்று அளவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடலுக்கு அளவு

முதன்முதலாக ஓடப் பழகுபவர் விழுவது பெரும்பாலும் வேகத்தினால் அல்ல. நிற்கும்போதும், மெதுவாகத் திரும்பும்போதும், சேற்றில் இறங்கும்போதும் அவர் விழுகிறார். அந்த வேளைகளில் அவரைக் காப்பது அவருடைய இரண்டு கால்களே. இருக்கையில் அமர்ந்தபடி இரு பாதங்களையும் நிலத்தில் உறுதியாக ஊன்ற முடியாத மோட்டார் சைக்கிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அவருக்குரிய முதல் வண்டியன்று.

அடுத்தது பாரம். பல இளைஞர்கள் விரும்பும் பல்சர் 150 இன் நிறை 140 கிலோவுக்கு மேல். ஸ்பிளெண்டர், சி.ரி. 100 போன்றவை 110 கிலோவை அண்டியவை. ஸ்கூட்டி பெப் 100 கிலோவுக்கும் குறைவு. பெரிய வீதியில் ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. மழை பெய்த குளக்கட்டில் சாய்ந்த வண்டியைத் தனியே நிமிர்த்தும்போதுதான் தெரியும். எனவே கடையில் இயந்திரத்தை முடுக்கிப் பார்க்குமுன், அதை நிறுத்தி வைத்தே சோதியுங்கள். கையால் தள்ளிக்கொண்டு நடவுங்கள், ஒடுங்கிய இடத்தில் திருப்புங்கள், நடு ஸ்ராண்டில் ஏற்றி இறக்குங்கள். இவற்றைச் செய்ய மூச்சு வாங்கினால் அது உங்களுக்குப் பெரிது.

இருக்கையையும் கவனியுங்கள். ஓட்டப்பந்தய வண்டியைப் போல முன்னே குனிந்து ஓட்டும் வகையில் செய்யப்பட்டவற்றில் பின்னிருக்கை உயர்ந்தும் ஒடுங்கியும் இருக்கும். சேலை உடுத்த அம்மா அதில் எங்கே அமர்வார்? பசளைப் பையை எங்கே வைப்பீர்கள்? சங்கிலியிலும் சில்லிலும் சேலை சிக்காதபடி காப்பும், கால் வைக்கப் பலகையும், பிடிக்கக் கைபிடியும் உண்டா? ஒரு குடும்பத்துக்கு ஒரேயொரு வண்டி என்னும்போது அது மகனுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

பாரம் குறைந்தது என்றால் பார்வைக்குக் குறைந்தது என்று எண்ண வேண்டாம். ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 1958 இல் வெளியிட்ட சுப்பர் கப் என்ற சின்னஞ்சிறு வண்டி, கிளச் பிடிக்கத் தேவையில்லாதது, காலைத் தூக்கிப் போடாமலே ஏறக்கூடியது. 2017 இல் அதன் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் அவ்வளவு செய்யப்படவில்லை. எங்கள் ஊர்களில் ஓடிய சி 50 உம் சி 90 உம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றை நன்கு பராமரித்து நிறந்தீட்டி ஓடுவோரை இன்றும் மக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வீதிக்கு அளவு

ஏ9 வீதி இன்று பாய் விரித்ததுபோல் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து இறங்கினால் கிரவல், மணல், வாய்க்கால் கட்டு. இரவில் மாடுகள் சூடான தார் வீதியில் படுத்துக் கிடக்கின்றன. காட்டோரங்களில் யானை குறுக்கிடுகிறது. அறுவடைக் காலத்தில் வீதியின் பாதியை மறித்து நெல்லைக் காயவிடுபவர்களும் நாமே.

ஒரு வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால், பிறேக் பிடித்தபின் அது நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர், மாட்டைக் கண்டு கை பிறேக்கைத் தொடுவதற்கு எடுக்கும் ஒரு விநாடியிலேயே ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடுகிறார். இருட்டில் படுத்திருக்கும் கறுத்த மாடு அவ்வளவு தூரத்தில் தெரிவதே அரிது. வலுக்கூடிய இயந்திரம் இந்த வேகத்துக்கு ஒரு நொடியில் கொண்டுபோய் விட்டுவிடும். நிறுத்துவதை ஓட்டுபவரே கற்க வேண்டும். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிறேக்கிலேயே இருக்கிறது. ஆனால் கிரவலில் அதை இறுக்கிப் பிடித்தால் முன் சில்லு வழுக்கி ஆளை வீழ்த்திவிடும். இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்தும் பழக்கம் பல மாதப் பயிற்சியில்தான் கைக்கு வரும். அந்த மாதங்களுக்கு 100 சீசீயை அண்டிய வண்டியே போதுமானது. சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. 100 சீசீ வரையானவற்றுக்கு ஏ1, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ என்று சாரதி அனுமதிப்பத்திரம் பிரிக்கப்பட்டுள்ளது. பதினெட்டு வயது நிறையாதவருக்கு இரண்டும் கிடையாது. அனுமதிப்பத்திரமின்றி ஓடி விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைவிரித்துவிடக்கூடும் என்பதைப் பெற்றோர் மறந்துவிடலாகாது.

இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களுள் மோட்டார் சைக்கிளில் சென்றோரே மிகப் பெரிய தொகையினர். நல்ல தலைக்கவசத்தை வாரிறுக்கி அணிந்தால் மரண ஆபத்து ஏறக்குறைய 40 வீதமும் தலைக்காயத்தின் ஆபத்து ஏறக்குறைய 70 வீதமும் குறைவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. போரில் தப்பிய பிள்ளையை மாட்டில் மோதி இழப்பதற்காகவா நாம் இத்தனை தூரம் தூக்கிச் சுமந்தோம்? கண்ணாடிகளைக் கழற்றுவதற்கும் சைலன்சரை மாற்றுவதற்கும் செலவிடும் பணத்தை இரண்டு நல்ல தலைக்கவசங்களுக்குச் செலவிடுங்கள். இரண்டாவது, பின்னால் இருப்பவருக்கு.

வருமானத்துக்கு அளவு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளுக்காக 3 இலட்சம் ரூபாவை லீசிங்கில் பெறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15 வீத வட்டி, 4 ஆண்டுத் தவணை. "15 வீதம்தானே" என்று கேட்க இலேசாக இருக்கும். அந்த வட்டி முழுத் தொகைக்கும் நான்கு ஆண்டும் கணக்கிடப்பட்டால் வட்டி மட்டும் 180,000 ரூபா. கட்ட வேண்டிய மொத்தம் 480,000 ரூபா, மாதம் 10,000 ரூபா. முதலில் பாதியைக் கட்டி முடித்த பின்னும் முழு முதலுக்கே வட்டி கொடுப்பதால், குறைந்து செல்லும் முதலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 25 வீதமளவில் வருகிறது. எனவே, "எத்தனை வீதம்?" என்று மட்டும் கேளாதீர்கள். "மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள்.

வட்டியிலும் பெரிய சிக்கல் தவணை. லீசிங் ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை கேட்கும். வயல் ஆண்டுக்கு ஒரு தடவை தரும், மிஞ்சினால் இரண்டு தடவை தரும். இரணைமடுவின் கீழேகூடச் சிறுபோகம் ஒவ்வோராண்டும் குளத்து நீரின் அளவைப் பார்த்தே பங்கிடப்படுகிறது. மானாவாரிக்காரருக்குக் காலபோகம் ஒன்றே. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளம் நின்ற பயிரை மூழ்கடித்தது. அந்த மாதமும் தவணை தவணையாகவே நின்றது. கட்டத் தவறினால் வண்டியும் போகும், அதுவரை கட்டியதும் போகும். காணியை இழந்து, வீட்டை இழந்து மீண்ட குடும்பம் இன்னுமொரு முறை தன் பொருள் வாசலிலிருந்து தூக்கிச் செல்லப்படுவதைப் பார்த்து நிற்கலாமா?

எரிபொருளும் ஒரு பாடம் தந்தது. 2022 நெருக்கடியில் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு முதலில் 4 லீற்றர் மட்டுமே கிடைத்தது. அந்த நான்கு லீற்றரில் அதிக தூரம் ஓடியவை சிறிய வண்டிகளே.

ஆகவே எமது கருத்து இதுதான். வண்டி உழைக்குமா என்று முதலில் பாருங்கள். பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கும் மரக்கறியைச் சந்தைக்கும் கொண்டுபோகுமாயின் அது தன் செலவில் ஒரு பங்கைத் தானே தாங்கும். விலையில் பாதியையேனும் அறுவடைப் பணத்தில் சேமித்த பின்னர் கடைக்குப் போங்கள். மீதிக்குச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தை முதலில் நாடுங்கள். அறுவடைக்கு அறுவடை கட்டும் ஒழுங்கைக் கேட்டுப் பாருங்கள். காப்புறுதி, ஆண்டு வரி அனுமதிப்பத்திரம், ரயர் என்பவற்றையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

பழைய வண்டி வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் நம்பிக்கையான ஒரு கராஜ்காரரை அழைத்துச் செல்லுங்கள். இயந்திர இலக்கமும் சேசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். "ஓப்பின் பேப்பர்" போதும் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். பெயர் மாற்றாத வண்டி உங்களுடையதன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் முதல் வண்டி மகனுக்கே என்பது பேசாமலே முடிவாகிவிடுகிறது. ஆண் துணையின்றிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் எமது ஊர்களில் எத்தனை பேர்! முன்பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் தையல் வேலைக்கும் போகும் மகள் பேருந்துக்காக இருட்டில் காத்து நிற்கிறாள். கையிலுள்ள பணத்தால் யாருக்கு வண்டி வாங்கினால் வீடு எழும் என்று நேர்மையாகக் கேளுங்கள். விடை ஒரு சிறிய ஸ்கூட்டியாகவும் இருக்கலாம்.

"சின்ன வண்டியில் போனால் நண்பர்கள் சிரிப்பார்கள்" என்று தம்பிமார் சொல்வது எமக்குக் கேட்கிறது. சிலர் சிரிக்கத்தான் செய்வார்கள். இரண்டு ஆண்டுகள் விழாமல் ஓடி, கடனின்றி அதை விற்று, அடுத்ததைக் கைக்காசுக்கு வாங்குகிறவரைப் பார்த்து அவர்கள் சிரிக்கமாட்டார்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: உடலையும் வீதியையும் வருமானத்தையும் பிள்ளையோடு சேர்ந்திருந்து அளந்து முடித்த பின்னர், நிறத்தைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். அதில் தலையிடாதீர்கள்.

கிராமக் கூட்டங்களில் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் லீசிங்கில் வாங்கிய மோட்டார் சைக்கிள்களுள் எத்தனை இன்றும் வாங்கியவர் கையில் இருக்கின்றன?

2. அறுவடைக்கு அறுவடை தவணை கட்டும் கடனை எமது சங்கத்தின் ஊடாக ஒழுங்கு செய்ய முடியுமா?

3. இரவில் வீதியில் மாடுகள் படுப்பதைத் தடுக்கவும், நெல்லை வேறிடத்தில் காயவிடவும் நாம் என்ன செய்யலாம்?