'எங்கும்' படுத்திய பாடு

என் கணவருக்குப் புனேக்கு மாற்றலாகி, நாங்கள் அங்கே குடிபோன புதிது. எனக்கு வலது தோளில் ஒரே வலி. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை நம்பி, தைரியமாகத் தனியாகவே டாக்டரிடம் போய்விட்டேன்.

"பெயின் எனிவேர் எல்ஸ்?" என்று கேட்டார் டாக்டரம்மா. 'வேறு எங்கும் இல்லை' என்று சொல்ல நினைத்தேன். எங்கும் என்றால் எவ்ரிவேர்தானே? "எவ்ரிவேர்... நோ" என்று இழுத்தேன். அவர் காதில் விழுந்தது முதல் வார்த்தைதான்! உடம்பு பூராவும் வலி என்று எழுதிக்கொண்டு, ரத்தப் பரிசோதனை, அது இது என்று நீளமாக ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி, ஒன்பதாவது படிக்கும் என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். என்னைப் போன்ற சகோதரிகளுக்கும் உதவுமே!

சம்வேர் என்றால் எங்கேயோ. சாவியை எங்கேயோ வைத்துவிட்டேன்: "ஐ புட் த கீ சம்வேர்."

எனிவேர், கேள்வியிலும் 'இல்லை' என்பதிலும் வரும். எங்கேயாவது போனாயா: "டிட் யூ கோ எனிவேர்?" எங்கேயும் போகவில்லை: "ஐ டிட்ன்ட் கோ எனிவேர்." எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்பதற்கும் இதுதான்: "சிட் எனிவேர்."

நோவேர் என்பதற்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது. "ஐ வென்ட் நோவேர்" என்றாலே போதும். கூடவே டிட்ன்ட் போட்டால், இரண்டு தடவை உப்புப் போட்ட குழம்புதான்!

எவ்ரிவேர் என்றால் எல்லா இடத்திலும்.

இன்னொன்று. இவற்றுக்கு முன்னால் 'டு' வேண்டாம். "கோ டு சம்வேர்" தப்பு. "கோ சம்வேர்" போதும்.

நாம் தடுமாறுவது ஏன் தெரியுமா? 'எங்கும் தண்ணீர்' என்றால் எல்லா இடத்திலும். 'எங்கும் தண்ணீர் இல்லை' என்றால் ஓரிடத்திலும் இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'எங்கும்'. இங்கிலீஷில் முதலாவதற்கு எவ்ரிவேர், இரண்டாவதற்கு எனிவேர் அல்லது நோவேர்.

அடுத்த வாரம் டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். "நோ டாக்டர், நோவேர் எல்ஸ். ஒன்லி ஹியர்" என்று தோளைத் தொட்டுக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். தோளுக்கு மட்டும் மருந்தும், இரண்டு பயிற்சியும் கொடுத்தார். வலி போய்விட்டது.

பரிசோதனைக்குக் கொடுத்த பணம்? அது போனது போனதுதான். டியூஷன் ஃபீஸ் என்று நினைத்துக்கொண்டேன்!