தலைக்கவசம் தலைக்கா, பொலிஸாருக்கா?

யாழ்ப்பாணத்தின் எந்தப் பிரதான வீதியிலாவது பாடசாலை தொடங்கும் நேரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தந்தையின் தலையில் கவசம் இருக்கும். பின்னிருக்கையில் தாயின் தலையிலும் இருக்கும். அதன் பட்டி நாடியில் பூட்டப்படாமல் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பெற்றோல் தாங்கியின் மேல் அமர்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் எதுவும் இராது. பெற்றோருக்கு நடுவே நெருக்குண்டிருக்கும் மற்றப் பிள்ளைக்கும் அதே நிலைதான். சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் நால்வரையும் பார்ப்பார். பாடசாலை நேரம் என்று வழிவிடுவார். இதனை மனிதாபிமானம் என்போர் நம்மிடையே உண்டு. நான் இதனைக் கொடுமை என்கிறேன்.

நம் நாட்டில் தலைக்கவசம் தலையைக் காக்கும் பொருளாக இல்லை; பொலிஸாருக்குக் காட்டும் அனுமதிச் சீட்டாக இருக்கிறது. இந்த மனப்பான்மை மக்களிடம் மட்டும் இல்லை. அதனை வளர்த்ததில் அரசுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே எனது குற்றச்சாட்டு.

2015ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசங்களுக்குத் தடை விதிப்பதாகப் பொலிஸார் அறிவித்தனர். கொள்ளையரும் கொலையாளிகளும் அவற்றை அணிந்து தப்பிவிடுகின்றனர் என்பது அவர்கள் சொன்ன நியாயம். மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் நீதிமன்றத்தை நாடினர். மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை இடைநிறுத்தியது. முகத்தை மூடும் கவசமே தாடையையும் பற்களையும் முகவெலும்புகளையும் காக்கிறது. பாதுகாப்பில் சிறந்த கவசத்தையே அரசு குற்றக் கருவியாகப் பார்த்தது. குடிமகனின் முகத்தை அடையாளம் காண்பதில் இருந்த அக்கறை, அவனது மண்டையோட்டைக் காப்பதில் இருக்கவில்லை.

கொலையாளிகள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள் என்பதை இந்த நாட்டின் பத்திரிகையாளனுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2009 ஜனவரி 8ஆம் திகதி அத்திடியவில் சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவை வழிமறித்துத் தாக்கியவர்கள் மோட்டார் சைக்கிள்களிலேயே வந்தார்கள். பல ஆண்டுகள் கடந்தும் அக்கொலைக்காக எவரும் நீதிமன்றத்தால் தண்டிக்கப்படவில்லை. இதற்குத் தலைக்கவசமா காரணம்? விசாரணைகள் முடங்கியதற்கான காரணங்களை ஹெல்மெட்டுக்குள் தேடுவது யாரை ஏமாற்றுவதற்கு?

கவசத்தின் வேலை எளிமையானது. வெளிக்கூடு அடியைப் பரவச் செய்கிறது. உள்ளே இருக்கும் கெட்டியான நுரைப்பஞ்சு நசுங்கி, மூளைக்குச் செல்ல வேண்டிய அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய பஞ்சு மீண்டும் உதவாது. பட்டி பூட்டாத கவசமோ, தலை தரையில் மோதும் முன்னரே கழன்று பறந்துவிடும். முறையாக அணிந்த கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பெற்ற முடிவு. முறையாக அணிந்த கவசத்துக்கே இந்தக் கணக்கு. கைப்பிடியில் தொங்கும் கவசத்துக்கு அன்று.

இலங்கையில் 2017, 2018 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் வீதி விபத்துகளில் இறந்தோர் தொகை 3,000ஐத் தாண்டியது. அவர்களுள் மிகப் பெரிய பிரிவினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். போர் ஓய்ந்த நாட்டில் இத்தனை சாவுகள். ஆனால் இவற்றுக்காக எவரும் ஊர்வலம் போவதில்லை. பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி, மறுநாள் மரண அறிவித்தல், அத்துடன் முடிந்தது.

வடக்கில் ஒரு சாட்டு வழமையாகச் சொல்லப்படும். "ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பிய எங்களுக்குத் தலைக்கவசம் ஒரு கேடா?" பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் கவசமின்றிப் பழகிய தலைமுறை நாம் என்பது உண்மை. ஆனால் அன்று கிடங்கு விழுந்த வீதிகளில் உருண்டு சென்றோம். இன்று கார்ப்பட் வீதியில் பறக்கிறோம். குண்டுக்குத் தப்பிய உயிர், மாடு குறுக்கிட்டதால் மதவில் மோதிப் போவதில் என்ன பெருமை இருக்கிறது?

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளையைக் காரின் பாதுகாப்பு இருக்கையில் பூட்டாமல் ஓரடி நகராதவர்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்ததும் அதே பிள்ளையை வெறுந்தலையுடன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்கிறார்கள். அங்கே பிள்ளையின் தலைக்கு இருந்த மதிப்பு இங்கே எங்கே போயிற்று?

மாற்ற முடியாதது எதுவும் இல்லை. வியட்நாம் 2007 டிசம்பர் 15ஆம் திகதி எல்லா வீதிகளிலும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. குறுகிய காலத்துக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அணியத் தொடங்கினர். அங்கும் தரமற்ற கவசங்கள் சந்தையை நிரப்பின. பிள்ளைகள் விடுபட்டனர், கவசம் பிள்ளையின் கழுத்தைப் பாதிக்கும் என்ற வதந்தியும் உலவியது. சட்டத்தில் பிள்ளைகள் தொடர்பாக இருந்த ஓட்டையை அவர்கள் 2010இல் அடைத்தார்கள்.

நமக்கும் வேண்டியவை மூன்றே. முதலாவது, எஸ்.எல்.எஸ். 517 தர நியமத்துக்கு ஒவ்வாத கவசத்தைக் கடையிலேயே பறிமுதல் செய்யுங்கள்; வாங்கியவனை வீதியில் மறிப்பதால் பயனில்லை. இரண்டாவது, பட்டி பூட்டாத கவசத்தை, கவசம் அணியாததாகவே கருதித் தண்டச் சீட்டை எழுதுங்கள். மூன்றாவது, பிள்ளைக்கு அளவான கவசம் சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய விலையில் கிடைக்க வழிசெய்யுங்கள். அதன் பின்னர் பாடசாலை வாசலில் எவருக்கும் சலுகை காட்டாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஒரே ஒரு கவசம்தான் உண்டென்றால் இரண்டாவதை வாங்கும்வரை பிள்ளை பஸ்ஸில் போகட்டும், நடந்து போகட்டும். பாடசாலைக்குப் பிந்திப் போன பிள்ளை மறுநாளும் பாடசாலைக்குப் போகும்.